எந்தப் புத்தூர்? எந்த ஆரணி?

ஒரே பெயரில் ஒன்பது ஊர் இருந்தாலும் ஊர்க்காரர் குழம்புவதில்லை. குழம்புவது பட்டியல்தான். கனகம்மாசத்திரத்திலிருந்து ஓர் ஊர்ப்பெயர்ப் பயணம்.

மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தால், திருத்தணி வட்டாரத்தில் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது ஓர் ஊரின் பெயர். “புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துடுங்க” என்பார்கள். கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறினால் திருத்தணி, அதைத் தாண்டினால் நகரி, அதற்கடுத்து புத்தூர். எந்தப் புத்தூர் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அதே பேச்சைத் திருச்சியில் பேசிப் பாருங்கள். அங்கே புத்தூர் என்றால் அரசு மருத்துவமனை இருக்கும் நகரப் பகுதி. கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்தில் புத்தூர் என்றால் பாக்குத் தோட்டமும் கேம்ப்கோ சாக்லேட் ஆலையும். யாழ்ப்பாணத்தில் என்றால் நிலாவரைக் கிணறு இருக்கும் பக்கம். பெயர் ஒன்று, ஊர் நான்கு. இன்னும் தேடினால் தமிழகத்திலேயே டஜன் கணக்கில் கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘புத்தூர் கட்டு’ பிறந்தது புத்தூர் நகரத்தில் அல்ல. அதன் அருகிலுள்ள ஒரு சிறு கிராமத்தில் ராஜு குடும்பத்தார் நூறாண்டுக்கும் மேலாகப் பார்த்துவரும் வைத்தியம் அது. அந்தக் கிராமத்தின் பெயர் வெளியூர்க்காரர் நாக்கில் தங்கவில்லை. ரயில் நின்ற ஊரின் பெயர் தங்கிவிட்டது. இன்று சென்னைத் தெருமுனையில் ‘புத்தூர் கட்டு வைத்தியசாலை’ என்று போர்டு தொங்குகிறதே, அந்தப் புகழைச் சம்பாதித்தது ஒரு குக்கிராமம். அதை எடுத்துக்கொண்டது பக்கத்து டவுன்.

சின்ன ஊர்களின் கதையே இதுதான். பெரிய ஊருக்குப் பெயர் போதும். சின்ன ஊருக்குப் பெயரோடு ஒரு துணையும் வேண்டும்: பக்கத்து ஊர், ஓர் ஆறு, ஒரு சாலை, ஓர் இனிஷியல். அந்தத் துணை அறுந்தால் ஊர் தொலைந்துவிடும். ஆந்திர எல்லையோரத்தில், மாநிலமே மாறிப்போன மண்ணில், இதற்கு வேண்டிய உதாரணங்கள் நிறையக் கிடைக்கின்றன.

நடந்து போனவர்கள் வைத்த பெயர்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே வருகிறது கனகம்மாசத்திரம். சாலைக்கு இப்போது 716 என்று எண். பழக்கத்தில் இன்னும் பலருக்கு அது 205தான். ரயில் பாதை இந்த ஊருக்கு வரவில்லை. சென்னை–அரக்கோணம் பாதையில் இருக்கும் திருவாலங்காடுதான் பக்கத்து ஸ்டேஷன். சுற்றுப்பட்டுக் கிராமத்து மக்களுக்கு பஸ் பிடிக்க, உரம் வாங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக இதுதான் மையம். அவர்கள் வீட்டுக் கடிதங்களில் ‘கனகம்மாசத்திரம் (வழி)’ என்று இருக்கும். கல்யாணப் பத்திரிகைகளில் ‘திருவள்ளூர் – திருத்தணி மார்க்கம், கனகம்மாசத்திரம் அருகில்’ என்று அச்சாகும்.

கனகம்மா என்ற பெண்ணின் பெயரைத் தாங்கிய சத்திரம், ஊராகிவிட்டது. இப்படிச் சத்திரம் ஊரான இடங்கள் தமிழகம் முழுக்க இருக்கின்றன. சென்னை–பெங்களூரு சாலையில் சுங்குவார்சத்திரம், திண்டுக்கல் பக்கம் காய்கறிச் சந்தைக்குப் பெயர் போன ஒட்டன்சத்திரம், கும்பகோணம் அருகே ஓர் அம்மாசத்திரம், புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னோர் அம்மாசத்திரம். திருச்சிக்காரருக்கோ சத்திரம் என்றால் பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். இந்த ஊர்கள் ஆற்றங்கரையைத் தேடிப் போகவில்லை. சாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பாதயாத்திரை போகிறவரும் மாட்டுவண்டிக்காரரும் பொழுது சாயும்போது எங்கே நிற்பாரோ அங்கே ஒரு சத்திரம். சத்திரத்துக்கு ஒரு கிணறு. கிணற்றையொட்டி ஒரு கடை. கடையைச் சுற்றி ஊர். திருப்பதிக்கும் திருத்தணிக்கும் நடந்து போன கூட்டம்தான் இந்தச் சாலையோர ஊர்களை வளர்த்தது. 1830-ல் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமய்யா தெலுங்கில் எழுதிய ‘காசியாத்திர சரித்திர’த்தில், தங்கிய ஊர்களையும் அங்கே கிடைத்த வசதிகளையும் நாள்வாரியாகக் குறித்துக்கொண்டே போகிறார். அன்றைய பயணிக்கு ஊரின் மக்கள் தொகை பெரிதில்லை. தண்ணீரும் திண்ணையும் உண்டா என்பதே கேள்வி.

சத்திரத்துக்குப் பெண்களின் பெயரை வைப்பது தஞ்சை மராட்டிய அரசிலும் வழக்கம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் என்று அந்த வரிசை நீளும். ஊரே பெண்ணின் பெயரில் அமைவதும் உண்டு. புத்தூருக்குக் கிழக்கே ஆந்திரத்தில் இருக்கும் நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாவின் நினைவாக வைத்த பெயர் என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் பக்கத்திலும் ஒரு நாகலாபுரம் இருக்கிறது.

சத்திரங்கள் பெருகியபோது அவற்றின் சொத்துக்களும் பெருகின. அவற்றைக் கண்காணிக்கக் கம்பெனி அரசு 1817-ல் ஏழாம் ரெகுலேஷனைக் கொண்டுவந்தது. கோயில், பாலம், சத்திரம் ஆகியவற்றின் அறக்கொடைகளை மேற்பார்க்கும் பொறுப்பு ரெவின்யூ போர்டின் கைக்குப் போனது. தர்மம் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தபோது, எந்தச் சத்திரம் என்று பிரித்து எழுத வேண்டியதாயிற்று. வெறும் ‘சத்திரம்’ கணக்குக்கு உதவாது. கனகம்மாவோ சுங்குவாரோ யாராவது ஒருவர் முன்னால் நின்றாக வேண்டும்.

ஊருக்கும் இனிஷியல்

திருத்தணி வட்டாரத்து பஸ் போர்டுகளைப் படித்துப் பாருங்கள். ஆர்.கே.பேட்டை, கே.ஜி.கண்டிகை, எஸ்.வி.ஜி.புரம், ஜி.சி.எஸ்.கண்டிகை, வி.கே.என்.கண்டிகை. ஏதோ வக்கீல் ஆபீஸ் பெயர்ப்பலகை மாதிரி இருக்கும். எல்லாம் ஊர்கள். ஆர்.கே.பேட்டையை விரித்தால் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. கண்டிகையும் பேட்டையும் புரமும் குப்பமும் இந்தப் பக்கம் மழைக்கு முளைத்த காளான்போல் ஏராளம். அத்தனையையும் பிரித்துக்காட்டியது நிறுவியவரின் பெயர். அந்தப் பெயரோ நீளம். கண்டக்டருக்கும் போஸ்ட்மேனுக்கும் வசதியாக அது எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது.

இப்பகுதி நெடுங்காலம் கார்வேட்டிநகர ஜமீனின் ஆளுகையில் இருந்தது. ராஜுக்களின் பெயர்கள் ஊர்ப்பெயரில் ஏறியதற்கு அந்தப் பின்னணி ஒரு காரணம். தெலுங்குப் பெயர், தமிழ் விகுதி, ஆங்கில இனிஷியல் மூன்றும் ஒரே போர்டில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருப்பதை எல்லை மாவட்டத்தில்தான் பார்க்கலாம்.

தெற்கே போனாலும் இதே வைத்தியம்தான், மருந்துதான் கொஞ்சம் வேறு. அங்கே இனிஷியல் பெரும்பாலும் தாய்க் கிராமத்தின் பெயர். மதுரை மாவட்டத்து டி.கல்லுப்பட்டி, தேவன்குறிச்சிக் கல்லுப்பட்டி. தேனி மாவட்டத்தில் இருப்பது ஜி.கல்லுப்பட்டி. விருதுநகர் மாவட்டத்து வ.புதுப்பட்டி, வத்திராயிருப்புப் புதுப்பட்டி. மதுரை நகருக்குள் கே.புதூர், சிவகங்கை மாவட்டத்தில் எஸ்.புதூர். புதூர், புதுப்பட்டி, புதுப்பாளையம் என்று பெயர் வைத்தவர்கள் ஒருநாளும் பிற மாவட்டத்துப் புதூரைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். பழைய ஊரிலிருந்து நான்கு குடும்பம் பிரிந்து வந்து குடிசை போட்டால் அது புதூர். நூறு வருடம் கழித்தும் அது புதூர்தான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வாய்த்ததும் அல்ல. அமெரிக்காவில் 1785 நிலச் சட்டப்படி நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக அளந்து ‘டவுன்ஷிப்’ என்று வெட்டினார்கள். ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களில் கவுண்டிக்குக் கவுண்டி ஒரு வாஷிங்டன் டவுன்ஷிப் முளைத்தது. டஜன் கணக்கில் இன்றும் இருக்கின்றன. எந்தக் கவுண்டி என்று சேர்த்துச் சொன்னால்தான் ஊர் விளங்கும். ஜெர்மனியில் மைன் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட், ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபர்ட் என்று ஆற்றை வைத்துப் பிரித்தார்கள். அங்கே ஆறு, இங்கே இனிஷியல். 

பழையனூர் என்ற துணை

இதற்கெல்லாம் முன்னோடி கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பாடிய, நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படும் திருவாலங்காடு. ஆலமரக் காடு எங்கேயும் இருக்கும். ஆகவே ஆலங்காடும் எங்கேயும் இருக்கலாம். மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் பக்கத்தில் இன்னொரு திருவாலங்காடு உண்டு. தேவாரம் பாடியவர்கள் காலத்திலேயே வடக்கில் இருக்கும் தலத்தைப் பக்கத்து ஊரான பழையனூரோடு சேர்த்துப் ‘பழையனூர் ஆலங்காடு’ என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. சுமார் 1300 ஆண்டுகளுக்கு முந்தைய இந்த முறைதான் இன்று ‘கனகம்மாசத்திரம் (வழி)’ என்று முகவரியில் இருக்கிறது.

1905-ல் இங்கே கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததை அவை பதிவு செய்கின்றன. ஓர் ஊரைக் கொடுப்பதென்றால் அதன் பெயரைச் சொன்னால் போதாது. நான்கு எல்லையையும் சொல்ல வேண்டும். சோழர் காலத்தில் பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, அது நடந்த தடத்தில் கள்ளி நட்டு, எந்த ஏரிக்கு மேற்கு, எந்த வாய்க்காலுக்கு வடக்கு என்று வரிவரியாக எழுதினார்கள்.

இன்றைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டம், திருத்தணி வட்டம், இன்ன சப்–ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் எல்லைக்குட்பட்ட நெம்பர் இத்தனை, இன்ன கிராமம், சர்வே நெம்பர் இத்தனை; இதற்குச் சக்குபந்தி: வடக்கில் இன்னார் நிலம், தெற்கில் வண்டிப்பாதை, கிழக்கில் ஏரிக்கால்வாய், மேற்கில் இன்னார் மனை. யானை போய்விட்டது, சக்குபந்தி போகவில்லை. பத்திரம் எழுதுகிறவருக்குத் தெரியும்: பெயர் ஏமாற்றும், எல்லை ஏமாற்றாது. கிராமத்தின் பெயருக்கு முன்னால் கிராம எண்ணைப் போடும் வழக்கம் வட தமிழகப் பத்திரங்களில் ஊறிப்போனது. ஒரே வட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு கிராமம் இருந்தாலும் நிலம் கைமாறும்போது வழக்கு வரக்கூடாது என்ற முன்யோசனைதான்.

ஆற்றுக்கு ஓர் ஆரணி, பட்டுக்கு ஓர் ஆரணி

மழைக்காலத்தில் செய்தி வரும்: ‘பிச்சாட்டூர் அணை திறப்பு, ஆரணி ஆற்றில் வெள்ள எச்சரிக்கை.’ கேட்டவுடன் பட்டுப்புடவை ஆரணியை நினைப்பவர்கள் உண்டு. அந்த ஆரணிக்கும் இந்த வெள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆரணியாறு ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் வழியாக ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது. அதன் கரையில் பெரியபாளையத்தை அடுத்து இருப்பது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பேரூராட்சி. மக்கள் தொகை பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டும். இன்னோர் ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில். நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர். 1751-ல் கிளைவ் போரிட்ட ஆரணி அது; புவிசார் குறியீடு பெற்ற பட்டு அதனுடையது; சட்டமன்றத் தொகுதியும் நாடாளுமன்றத் தொகுதியும் அந்தப் பெயரில்தான். இரண்டில் சின்ன ஆரணிக்கு மிச்சம் இருப்பது ஆறு மட்டும். “எந்த ஊரு?” என்று கேட்டால் அந்த ஊர்க்காரர் ஆரணி என்று நிறுத்தாமல், “ஆரணி… பெரியபாளையம் பக்கத்துல” என்று முடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில் விளக்கம் சொல்லும் வேலை எப்போதும் சின்ன ஊரின் தலையில்தான் விழும்.

திருப்பத்தூர் கதையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர்; வடக்கே ஒரு திருப்பத்தூர். 2019 நவம்பரில் வடக்குத் திருப்பத்தூர் தனி மாவட்டமானது. அன்றிலிருந்து ‘திருப்பத்தூர்’ என்று தனியாகச் சொன்னால் அது வடக்குதான். தெற்குத் திருப்பத்தூருக்கு அடைப்புக்குறி தேவைப்படுகிறது. ரயில்வே தன் வழியில் பிரித்து வைத்திருக்கிறது. டி.பி.டி. என்றால் திருப்பத்தூர். கடைசியில் ஒய் சேர்த்தால் திருப்பதி. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு டிக்கெட் எடுத்தால், ஏழுமலையானைப் பார்க்கக் கிளம்பியவர் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இறங்க வேண்டியதுதான். வாலாஜா நவாபின் பெயரால் அமைந்த வாலாஜாபாத் காஞ்சிபுரம் மாவட்டத்தில்; வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டத்தில். இவற்றையும் ரயில்வே ஓர் எழுத்து வித்தியாசத்தில்தான் பிரிக்கிறது.

யாழ்ப்பாணத்துக்குக் கடல் கடந்து போனாலும் நல்லூர் இருக்கிறது, திருநெல்வேலி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது அந்தத் திருநெல்வேலியில். பேச்சில் ‘தின்னவேலி’ என்று ஆகிவிட்டதால், தாமிரபரணிக்காரரோடு அவர்களுக்குத் தகராறு இல்லை.

தலையை எண்ணி இழுத்த கோடு

ஊரின் பெயரும் தலைக்கணக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் திருத்தணி மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருவாலங்காட்டில் 1910-ல் பிறந்த ஒருவர் ஊரை விட்டு நகராமலே எத்தனை இடத்தில் வாழ்ந்திருப்பார் என்று கணக்குப் போடலாம். பிறந்தபோது வட ஆர்க்காடு மாவட்டம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானதும் அதில் சேர்ந்தார். 1953-ல் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்த ஆந்திர மாநிலத்தவரானார். 1960 ஏப்ரல் 1-ல் மீண்டும் சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். 1969-ல் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. அவருடைய பேரப்பிள்ளைகள் 1997 முதல் திருவள்ளூர் மாவட்டக்காரர்கள்.

திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய வடக்கெல்லைப் போராட்டத்தை ம.பொ.சி., மங்கலங்கிழார், திருத்தணி கே. விநாயகம் போன்றோர் முன்னின்று நடத்தினார்கள். சிறை, மறியல், உயிரிழப்பு எல்லாம் நடந்து முடிந்தபின் எல்லையைத் தீர்மானிக்க நியமிக்கப்பட்டவர் எச்.வி. படாஸ்கர். அவர் கையாண்ட அளவுகோல் பிறகு நாட்டின் வேறு எல்லைத் தகராறுகளிலும் உதாரணம் காட்டப்பட்டது. மாவட்டத்தையோ வட்டத்தையோ அவர் அலகாக எடுத்துக்கொள்ளவில்லை. கிராமத்தை எடுத்துக்கொண்டார். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுகிறவர் அதிகம்? அது எந்தப் பக்கத்து நிலத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை தேட மக்கள் தொகைக் கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

அதன்படி 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி தமிழகத்துக்கு வந்தது. அந்தப் பக்கம் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. பொன்பாடி சோதனைச்சாவடியைக் கடக்கும்போது, கடை போர்டில் எழுத்து மாறுவதைப் பார்க்கிறோமே, அந்த மாற்றம் இந்த இடத்தில் நிகழ்வதற்குக் காரணம் ஊர் ஊராக எடுத்த அந்தக் கணக்கு. ஒரு குக்கிராமம் எந்தக் கிராமத்தின் கணக்கில் சேர்ந்தது என்பதை வைத்து அதன் மாநிலமே முடிவான மண் இது. ஊர்ப்பெயர் வரிசையில் ஒரு வரி மாறினால் என்ன ஆகும் என்று இங்கே கேலியாகக் கேட்க முடியாது.

மூன்று பட்டியல், ஒரே ஊர்

இன்றைய தமிழகத்தில் ‘கிராமம்’ எத்தனை? யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது பதில். ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வருவாய் கிராமத்தை வைத்து எண்ணுவதால் அங்கே ஏறத்தாழ 16 ஆயிரம். மக்கள் உண்மையில் ‘எங்க ஊரு’ என்று சொல்லும் குக்கிராமங்களை எண்ணினால் 79,395.

2011-ல் தமிழகத்தின் மக்கள் தொகை 7.21 கோடி, அதில் ஊரகத்தில் வாழ்ந்தவர்கள் 3.72 கோடி. வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்குச் சராசரி மூவாயிரம் பேர். ஒரு குக்கிராமத்துக்கு 470 பேர்கூட இல்லை. நூறு, நூற்றைம்பது குடும்பம். இவ்வளவு சின்ன ஊர்தான் பெயரில் இன்னோர் ஊரோடு மோதிக்கொள்கிறது. கணக்கெடுப்புப் புத்தகத்தில் வருவாய் கிராமத்தின் பெயர் இருக்கும். குக்கிராமம் அதற்குள் கரைந்துபோகும். இரண்டு வருவாய் கிராமத்தில் பாதிப் பாதியாகக் கிடக்கும் குக்கிராமத்துக்கு மொத்த மக்கள் தொகை எவ்வளவு என்று எந்த அச்சிட்ட பட்டியலும் நேரடியாகச் சொல்லாது.

பெரிய ஊராக வளர்ந்தாலும் பெயர் மட்டும் போதாது. ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளிகளில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் – இந்த மூன்றும் இருந்தால் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரம் என்று எழுதிக்கொள்ளும். 2011-ல் இப்படித் தமிழகத்தில் 376 ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ இருந்தன. கணக்கில் நகரம், நிர்வாகத்தில் ஊராட்சி. நெடுஞ்சாலையோரச் சிற்றூர்கள் பலவும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தத்தளிக்கின்றன. பகலில் சுற்றுப்பட்டு ஊர் மக்கள் வந்து குவிவதால் டவுன் மாதிரி இருக்கும். இரவு கடையை மூடியபின் எண்ணினால் கிராமம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் எண்கள் வந்தன. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. கடிதத்தில் ‘ஆரணி’ என்று மட்டும் இருந்தாலும் 601-ல் தொடங்கினால் பெரியபாளையம் பக்கம், 632-ல் தொடங்கினால் பட்டு ஆரணி என்று தபால்காரருக்குத் தெரிந்துவிடும். புத்தூர்களில் 517 என்றால் கட்டுப்போடும் புத்தூர், 574 என்றால் கர்நாடகம், 620 என்றால் திருச்சி. 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க நிரந்தர எண் கிடைத்தது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஊராட்சிக்கு ஓர் எண், கிராமத்துக்கு ஓர் எண்.

எண் நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த வீட்டிலிருந்து 108-ஐ அழைக்கிறவர் எண்ணைச் சொல்ல மாட்டார். ஊரைச் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் மாவட்டத்தையும் வட்டத்தையும் கேட்டு, அருகில் என்ன இருக்கிறது என்றும் கேட்பார். “கனகம்மாசத்திரத்திலிருந்து உள்ளே வரணும்” என்ற ஒரு வாக்கியம் அங்கே எந்தக் குறியீட்டையும்விட வேகமாக வேலை செய்யும். பட்டியல் தயாரிப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது: சின்ன ஊரின் முகவரி என்பது அதன் பெயரும் பக்கத்து ஊரின் பெயரும் சேர்ந்தது.

எங்கும் ஒரு காந்தி நகர்

பழைய பெயர்கள் நிலத்திலிருந்து வந்தன: ஆலங்காடு, புத்தூர், மேட்டுப்பட்டி. பிறகு வந்தவை கட்டியவரின் பெயரோடு வந்தன: கனகம்மாசத்திரம், ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் வந்த குடியிருப்புகளுக்குத் தலைவர்களின் பெயர்கள்: காந்தி நகர், அண்ணா நகர், அம்பேத்கர் நகர், எம்.ஜி.ஆர். நகர். தலைவர்கள் பத்துப் பேர், குடியிருப்புகள் பல்லாயிரம். ஊராட்சிக்கு ஒரு காந்தி நகர் வந்தால், அந்தப் பெயர் எதையும் அடையாளம் காட்டாது.

பெயரைத் தொடும்போது அரசும் சுட்டுக்கொண்டதுண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியான அரசாணை, கேலியும் எதிர்ப்பும் கிளம்பியதால் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், சாதியைச் சுட்டும் குடியிருப்பு, தெருப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. இழிவைச் சுமக்கும் பெயர் போக வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் புதுப்பெயரை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். சென்னையிலிருந்து பூக்கள் பட்டியலும் தலைவர்கள் பட்டியலும் வந்து, எல்லா ஊராட்சியும் அதிலிருந்து பொறுக்கினால், பத்து வருடத்தில் மாவட்டம் முழுக்க ரோஜா தெருவும் மல்லிகைத் தெருவும்தான் இருக்கும். அந்த ஊரின் ஏரிக்கு ஒரு பெயர் இருக்கும். களத்துமேட்டுக்கு இருக்கும். அந்தக் குடியிருப்பு மக்களுக்காகப் பாடுபட்ட உள்ளூர் மனிதர் ஒருவர் இருப்பார். கனகம்மாவைப் போல, வேறெங்கும் இல்லாத ஒரு பெயர்.

பெயர் சொல்லுங்கள், பக்கத்தையும் சொல்லுங்கள்

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்கும் என்று மத்திய அரசு அறிவித்தது. ஊர் எல்லைகளில் செய்ய வேண்டிய மாற்றங்களுக்கு 2025 டிசம்பர் 31-ஐக் கெடுவாக வைத்தது. 2011-க்குப் பிறகு பிறந்த எந்தக் குழந்தையும் இன்னும் எந்தக் கிராமத்தின் கணக்கிலும் ஏறவில்லை. இத்தனை ஆண்டுகள் பழைய எண்ணை வைத்தே நிதியும் ரேஷனும் பள்ளியும் பங்கிடப்பட்டு வந்திருக்கின்றன. முதன்முறையாக இது கைபேசியில் பதியும் டிஜிட்டல் கணக்கெடுப்பு. மக்கள் தாங்களே இணையத்தில் விவரம் பதியவும் வழி உண்டு. பட்டியலில் பெயரைத் தட்டித் தேர்ந்தெடுக்கும் முறையில், ஒரே பெயர் மேலும் கீழுமாக இரண்டு தடவை வந்தால் விரல் தவறுவது சுலபம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. 79 ஆயிரம் குக்கிராமங்களையும் அதனதன் ஊராட்சி, வருவாய் கிராமம், பக்கத்து முக்கிய ஊர் மூன்றோடும் சேர்த்து ஒரே பட்டியலாக்கி, குக்கிராம வாரியாக மக்கள் தொகையை வெளியிட வேண்டும். ஊராட்சிகள் அதைக் கிராம சபையில் படித்துக் காட்டித் திருத்த வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர் எந்த வருவாய் கிராமத்தில் சேர்கிறது, அதன் கிராம எண் என்ன என்று பட்டாவை எடுத்து ஒருமுறை பாருங்கள். கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் ஊராட்சி, வட்டம் இரண்டையும் சொல்லுங்கள். அவர் என்ன பதிந்தார் என்று கேட்டுச் சரிபாருங்கள். வேறு ஊரின் கணக்கில் உங்கள் வீடு ஏறிவிட்டால், அதைத் திருத்த அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டும்.